கதையின் இடைவெளிகளும் கேட்போர் தந்த விடைகளும்: கிழக்கிலங்கைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1. பிரச்சினை

நீண்டதொரு கதையைப் பல்லாண்டுகள் பின்தொடரும் இரசிகர்கள், அக்கதையிற் பொருந்தாதவற்றைக் கண்டால் அதனைக் கைவிட்டு விடுவதில்லை. பொருந்தும்படி செய்வதற்குத் தாமே ஒரு காரணத்தைக் கற்பிக்கின்றனர். விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களிலே இப்பண்பு மிகுதியாகக் காணப்படுகின்றது. 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கோளொன்றையே தகர்க்கவல்ல பெருங்கோட்டை, இரண்டு மீற்றர் அகலமுடைய ஒரு துவாரத்தின் வழியே எய்யப்பட்ட குண்டினால் அழிகின்றது. அத்துணைப் பேரரசு இத்துணைச் சிறு பிழையை எவ்வாறு விட்டுவைத்தது என இரசிகர் வினவினர். அதே படத்தில் விண்கல மாலுமியொருவன், தனது கலத்தின் வேகத்தைப் புகழ்வதற்குப் 'பார்செக்' என்ற அலகைக் கையாளுகின்றான். அதுவோ காலத்தின் அலகன்று, ஏறத்தாழ 3.26 ஒளியாண்டுகளைக் குறிக்கும் தூரத்தின் அலகு. இது வசனகர்த்தாவின் கவனக்குறைவு என்று கூறி அமையலாம். ஆயின் இரசிகர் அவ்வாறு அமையவில்லை. ஆபத்தான குறுக்கு வழியிற் சென்று பயணத் தூரத்தையே அவன் குறைத்தான் என விளக்கங் கண்டனர்.

இவ்வினாக்கள் இரண்டுக்கும் பிற்காலத்துத் திரைப்படங்களே விடை கூறின. கோட்டையை அமைத்த பொறியியலாளன் வேண்டுமென்றே அக்குறையை உள்ளே வைத்தான் என்று 2016இல் வெளிவந்த 'றோக் வன்' கூறிற்று. குறுக்கு வழிப் பயணத்தை 2018இல் வெளிவந்த 'சோலோ' காட்சியாக்கிற்று. முன்னைய கதையின் ஓட்டை பின்னைய கதையின் கருவாயிற்று.

இதனைப் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் ஆய்வாளருக்கு அழகன்று. கதைகளின் இடைவெளிகளை மக்கள் எவ்வாறு நிரப்புகின்றனர், அங்ஙனம் நிரப்பியவை எப்போது கதையாக நிற்கின்றன, எப்போது வரலாறாக மாறுகின்றன என்பன சமூக வரலாற்றின் முக்கியமான வினாக்களாம். அவற்றை ஆராய்வதற்கு மருதமுனையைச் சூழ்ந்த கரையோரத்தினும் வாய்ப்பான களம் நமக்கு அரிது. வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாரதக் கதை படித்துத் தீமிதிக்கும் திரௌபதை அம்மன் கோயிலையுடைய பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது கடந்தாற் கண்ணகி அம்மன் கோயில் கொண்ட காரைதீவு. இவற்றினிடையே சீறாப்புராணத்தைப் படித்துப் பொருள்கேட்ட முஸ்லிம் ஊர்கள் அமைந்துள்ளன. சில மைல் தூரத்துள் இத்துணைப் பெருங்கதைகள் வாழுமிடத்தில், இடைவெளிகளும் விடைகளும் பலவாதல் இயல்பே.

2. பழைய வழக்கு

கதையின் முரணைக் களைதல் இன்று தோன்றிய வழக்கன்று. ஹோமரின் இலியட் காப்பியத்தின் ஐந்தாம் பகுதியில் பைலமெனீஸ் என்னும் மன்னன் கொல்லப்படுகின்றான். பதின்மூன்றாம் பகுதியிலோ இறந்த தன் மகனின் உடலைப் பின்தொடர்ந்து அழுதுகொண்டு செல்கின்றான். பண்டைய உரைகாரர் இதற்கு விடை தேடினர். பெயரொத்த மன்னர் இருவர் எனச் சிலர் கூறினர். மூலபாடத்திலேயே திருத்தம் வேண்டும் எனச் சிலர் கூறினர். நம் இலக்கிய வரலாற்றிலும் இவ்விருவகை விடைகளும் உள. காலத்தால் வேறுபட்ட பாடல்கள் ஔவையாரின் பெயரில் வழங்குவதைக் கண்டு ஔவையார் பலர் என்பது முதல்வகை. பொருந்தாத பாடலை இடைச்செருகல் என ஒதுக்குவது இரண்டாம் வகை.

ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளில் வைத்தியர் வாட்சன் பட்ட காயம் 1887இல் வெளிவந்த கதையிலே தோளிலும், 1890இல் வெளிவந்த கதையிலே காலிலும் இருந்தது. ஒக்ஸ்போர்டில் 1911ஆம் ஆண்டு றொனால்ட் நொக்ஸ் என்பார் இக்கதைகளை வேதநூலை ஆராய்வார் போன்று ஆராய்ந்து கட்டுரையொன்று படித்தார். அது அக்காலத்து விவிலிய ஆய்வு முறைகளை நகையாடும் நோக்குடையது. ஆயின் நகையாடலாகத் தொடங்கியது பின்னர் இரசிகரின் விருப்பமான முயற்சியாகவே நிலைபெற்றது.

இவற்றிலிருந்து ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகின்றது. கதையின் முரணுக்கு இருவகை விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, கதையுலகின் உள்ளிருந்து கூறும் விளக்கம்: மன்னர் இருவர், காயங்கள் இரண்டு, குறுக்கு வழியொன்று. மற்றது, கதை பிறந்த சூழலிலிருந்து கூறும் விளக்கம்: புலவன் மறந்தான், ஏடெழுதியோன் பிழைத்தான், வெவ்வேறு காலத்து மரபுகள் ஒன்றிணைந்தன. முன்னதை அகவிளக்கம் என்றும் பின்னதைப் புறவிளக்கம் என்றும் ஈண்டு வழங்குவோம். இரண்டும் வேண்டப்படுவன. ஆயின் ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைக்கும்போதே இடர் தோன்றுகின்றது.

3. சிலப்பதிகாரத்தினுள்ளே

சிலப்பதிகாரம் தன் இடைவெளிகளைத் தானே உணர்ந்த காப்பியமாகும். குற்றமற்ற கோவலன் ஏன் கொலையுண்டான் என்ற வினா கேட்போர் உள்ளத்தில் எழுவது திண்ணம். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் இதற்கு விடை தருகின்றது. முற்பிறப்பிற் கோவலன் பரதன் என்ற பெயருடையவனாய்க் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் வாழ்ந்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பிற் பலித்தது என்பது அவ்விடை. அறம் பிழைத்தது போலத் தோன்றுமிடத்தில் மற்றொரு கதையைப் பெய்து அறத்தை நிலைநாட்டும் முறை இது.

இவ்விடை புதியதொரு வினாவைத் தோற்றுவிக்கின்றது. தெய்வம் கண்ணகிக்கு மட்டும் கூறியதை ஆசிரியர் எவ்வாறு அறிந்தார்? நூலின் பதிகம் இதனையும் விட்டுவைக்கவில்லை. அந்நள்ளிரவில் மதுரை வெள்ளியம்பலத்திலே கிடந்த சாத்தனார் அதனைக் கேட்டார் என்றும், அவரே இளங்கோவடிகளுக்கு உரைத்தார் என்றும் பதிகம் கூறுகின்றது. பதிகம் பிற்காலத்தது என்று கருதுவோர் உளர். அது யார் கைப்பட்டதாயினும், சாட்சியின்றிக் கதை நில்லாது என்ற உணர்வு அதிலே புலனாதல் ஈண்டு நோக்கத்தக்கது.

எனினும் காப்பியம் விடை கூறாது விட்டவையும் உள. கண்ணகியின் சிலம்பினுள் இருந்தது மாணிக்கம். பாண்டிமாதேவியின் சிலம்பினுள் இருந்தது முத்து. வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கின்றது. ஆயின் அம்மாணிக்கம் எங்கிருந்து வந்தது? நீதி வழுவாப் பாண்டியன் வழுவுதற்கு முன்னமைந்த காரணம் யாது? நகரை எரித்த சினம் எவ்வாறு தணிந்தது?

4. கரையோரம் தந்த விடை

இவ்வினாக்களுக்கு விடை கூறும் நூல் கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களிற் படிக்கப்பட்டு வரும் 'கண்ணகி வழக்குரை' ஆகும். மட்டக்களப்புத் தமிழகத்தின் பண்பாட்டை ஆராய்ந்த வி. சீ. கந்தையா அவர்கள் இதனைப் பதிப்பித்து 1968ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்தார்கள். வைகாசிச் சடங்குக் காலத்தில் அம்மன் சந்நிதியில் இந்நூல் பாடப்படுவது வழக்கம்.

சிலப்பதிகாரம் திருமணத்தோடு கதையைத் தொடங்க, வழக்குரை பிறப்பிலிருந்து தொடங்குகின்றது. பாண்டியனை அழிக்கும் பொருட்டு அம்மன் மாங்கனியிலே தோன்றுகின்றாள்; அவனது நாட்டிலேயே குழந்தையாகிப் பேழையிலிட்டு நீரில் விடப்படுகின்றாள்; காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையிற் சேர்ந்து வளர்கின்றாள். ஆகவே பாண்டியனின் பிழை தற்செயலானதன்று. அவனது அழிவு முன்னரே தொடங்கிவிட்டது. சிலப்பதிகாரம் கோவலனின் முற்பிறப்பிலே தேடிய காரணத்தை, வழக்குரை கண்ணகியின் பிறப்பிலே காண்கின்றது.

மாணிக்கம் வந்த வழியைக் 'கடலோட்டு காதை' விரிவாகக் கூறுகின்றது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டும். அதன்பொருட்டு மீகாமன் கப்பலேறி ஈழத்துக் கடற்பரப்பிற்கு வருகின்றான், வெடியரசனோடு பொருதுகின்றான், மணியைப் பெற்று மீள்கின்றான். காப்பியத்தில் ஒரு சொல்லளவில் நின்ற மாணிக்கம் இங்கே முழுக் கடற்பயணமாக விரிகின்றது. ஒரு துவாரத்தின் காரணத்தைக் கூற ஒரு முழுத் திரைப்படம் எழுந்தது போன்றதே இதுவும். ஆயின் இங்கே கற்பனை தன் போக்கில் அலையவில்லை. கடலோடிகளும் முக்குவரும் வாழும் கரையிலே, சோழநாட்டு வணிகர் கதை கடலைத் தேடி வந்திருக்கின்றது. மணி விளையும் இடம் கேட்போரின் சொந்தக் கடலாகவே அமைகின்றது. தமக்குரிய இடத்தைப் பெருங்கதையினுள் அமைத்துக்கொள்ளும் மக்களின் முயற்சியை இதிலே நாம் காண்கின்றோம்.

வெட்டுண்ட கோவலன் எழுந்து சில சொற் கூறி மறைவதாகச் சிலப்பதிகாரம் சுருங்கச் சொன்னது, வழக்குரையில் உயிர்மீட்புக் காதை என்ற தனிப் பகுதியாகின்றது. சினம் தணிதற்குக் குளிர்ச்சிக் காதை உண்டு. அதனோடு தொடர்புடைய குளிர்த்திச் சடங்கு இன்றும் கோயில்களில் நடைபெறுகின்றது. வெப்பமும் நோயும் வறட்சியும் அஞ்சப்படும் வைகாசி மாதத்தில், தெய்வத்தின் சினம் தணிந்ததா என்பது கதைபற்றிய ஐயம் மட்டுமன்று. உழவரின் வாழ்க்கை பற்றிய கவலையுமாகும். இடைவெளியை நிரப்பத் தூண்டுவது ஆர்வம் மட்டுமன்று, தேவையும் ஆகும் என்பது இதனாற் பெறப்படும்.

மாங்கனிப் பிறப்பு, பத்தினி வழிபாடு சார்ந்த சிங்களச் சடங்குப் பாடல்களிலும் உண்டு. மொழியெல்லையைத் தாண்டி ஒரே வினாவும் ஒரே விடையும் வழங்கியிருத்தல், இத்தீவின் பண்பாட்டு உறவுகளைப் பற்றி அரசியல் மேடைகள் கூறுவதினும் மிகுதியாகக் கூறுகின்றது.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் சுட்டுதல் வேண்டும். விண்வெளிக் கதையின் உரிமையைப் பெருநிறுவனமொன்று 2012இல் விலைக்கு வாங்கிற்று. 2014இல், அதுவரை வெளிவந்த தொடர்ச்சி நாவல்கள் அதிகாரபூர்வக் கதையின் பாற்பட்டன அல்ல என்று அறிவிக்கப்பட்டது. எந்த விடை செல்லும், எது செல்லாது என்பதை உரிமையாளரே தீர்மானித்தனர். இரசிகரின் ஐயம் அடுத்த பண்டத்துக்குரிய மூலப்பொருளாயிற்று. வழக்குரைக்கு அத்தகைய உரிமையாளர் இலர். ஊரார் ஏற்றுப் பாடியது நின்றது.

5. கதை வரலாறாகுமிடம்

உரிமையாளர் இல்லாத கதையிலும் வேறோர் ஆபத்து உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலே, செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது வந்திருந்த மன்னருள் இலங்கை வேந்தன் கயவாகுவும் ஒருவன் எனக் கூறப்படுகின்றது. அவன் இலங்கையிலும் பத்தினிக்குக் கோட்டம் அமைத்தான் என்று உரைபெறு கட்டுரை சொல்லுகின்றது. ஆனால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கஜபாகுவைப் பற்றி மகாவம்சம் கூறுமிடத்தில் சோழநாட்டுப் பயணமும் இல்லை, பத்தினியும் இல்லை. ஒரு நூல் வற்புறுத்துவதை மற்றொன்று அறியவேயில்லை.

பிற்காலச் சிங்கள நூல்கள் இவ்விடைவெளியை நிரப்பின. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பூஜாவலியவும் அதனினும் பிந்திய ராஜாவலியவும், சோழன் சிறைகொண்டு சென்ற 12,000 பேரைக் கஜபாகு மீட்டான் என்ற கதையைக் கூறுகின்றன. ராஜாவலியவின்படி அவன் கடலை இரும்புத் தண்டால் அடித்துப் பிளந்து சென்றான். மீட்டவரோடு மேலும் 12,000 பேரைச் சிறைகொண்டு வந்து குடியேற்றினான். பத்தினியின் சிலம்புகளையும் கொணர்ந்தான்.

தமிழாய்வாளரோ கயவாகுவை வேறொரு தேவைக்குப் பயன்படுத்தினர். சங்க காலத்துக்கு ஆண்டுக் கணக்கு இல்லை என்பது பெருங்குறை. 1904இல் நூல் வெளியிட்ட வி. கனகசபைப்பிள்ளை கயவாகுவைக் கொண்டு செங்குட்டுவனின் காலத்தை இரண்டாம் நூற்றாண்டு எனக் கணித்தார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரும் இவ்வொப்புமையை ஏற்றுக்கொண்டார். மறுபுறம் எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை, காப்பியத்துள் வரும் மாதம், திதி, நாள்மீன், கிழமைக் குறிப்புகளையும் அடியார்க்குநல்லார் உரையிற் காணும் கணக்கையும் வானியல் முறையில் ஆராய்ந்து கி.பி. 756 என்ற ஆண்டைக் கண்டார். இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. எட்டாம் நூற்றாண்டில் மதுரை எரிந்ததாயின் இரண்டாம் நூற்றாண்டு மன்னன் கோயில் விழாவுக்கு வருதல் எங்ஙனம்? நாட்குறிப்பைத் தள்ளுவோர் கயவாகுவைக் கொண்டனர்; நாட்குறிப்பைக் கொள்வோர் கயவாகுவைத் தள்ளினர். இரு சாராரும், காப்பியத்தின் ஒவ்வொரு குறிப்பும் நிகழ்ந்ததொன்றின் பதிவே என்ற எடுகோளை வினவாமலே சென்றனர். 'பார்செக்' என்ற சொல்லை வைத்து விண்வெளிப் பாதையைக் கணக்கிட்ட இரசிகரின் முறையும் இதுவேயாகும். அவர் அதனை விளையாட்டெனவாயினும் அறிந்திருந்தனர்.

பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1970இல் எழுதிய கட்டுரையிலும் 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலிலும் இவ்வினாவையே மாற்றி அமைத்தார். கஜபாகு கதை நிகழ்ச்சிப் பதிவன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் இத்தீவில் இருப்பதற்குக் காரணங் கூறும் ஐதிகம் என்றும், அதனைக் கொண்டு காலங் கணிப்பது பொருந்தாது என்றும் அவர் வாதிட்டார். இது புறவிளக்கம். கதையின் முரணை நீக்காது, முரண் தோன்றிய சமூகத்தை விளக்குவது இதன் இயல்பு.

6. நமது ஊர்க் கதைகள்

இவ்வேறுபாடு ஏட்டறிவோடு நின்றுவிடுவதன்று. இக்கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். சமயத்தால் வேறுபட்ட இரு சமூகத்தார் இவ்வமைப்பில் ஒன்றுபடுவது ஏன் என்பதற்கு வாய்மொழி மரபு ஒரு விடை கூறுகின்றது. முக்குவருக்கும் திமிலருக்கும் போர் மூண்டபோது பட்டாணியர் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், வெற்றிக்குப் பின் முக்குவர் குலப் பெண்களை மணந்து இங்கே தங்கினர் என்றும் அம்மரபு சொல்லும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' போன்ற நூல்களிலும் குடிகளின் தோற்றம், உரிமை, வரிசை பற்றிய செய்திகள் மிகுதியும் உண்டு.

இக்கதைகளை அகவிளக்கமாகக் கேட்கும்போது அவற்றின் பொருள் செழுமையானது: ஒருவரின்றி ஒருவர் இல்லை என்ற உறவுணர்வை அவை பேணுகின்றன. அவற்றையே நிகழ்ந்த வரலாறெனக் கொண்டு முன்வந்தவர் யார், பின்வந்தவர் யார் என்று வாதிடத் தொடங்கினால், உறவைக் கூறிய கதை உறுதிப்பத்திரமாகி விடுகின்றது. போரும் இடப்பெயர்வும் காணிப் பிணக்குகளும் கண்ட கிழக்கிலங்கையில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. விசயன் வருகைக் கதைக்கும் இதுவே நேர்ந்தது. தோற்றங்களை விளக்க எழுந்த கதைகள் ஒரு நூற்றாண்டுக் காலமாக உரிமை வழக்குகளின் சாட்சிகளாக நிறுத்தப்பட்டுள்ளன.

7. நிரப்புவோருக்கு ஓர் ஒழுங்கு

அவ்வாறாயின் இடைவெளிகளை நிரப்புதல் தகாததா? அன்று. அதற்குரிய ஒழுங்கு எமது மரபுகளிலேயே உள்ளது.

மருதமுனை போன்ற ஊர்களில் மதிக்கப்படும் சீறாப்புராணம் 5,027 பாடல்களையும் மூன்று காண்டங்களையும் உடையது. எனினும் நபிகளாரின் இறுதிக் காலம்வரை செல்லாமலே முடிகின்றது. பின்னர் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடி எஞ்சிய வரலாற்றைத் தொடர்ந்தார். உமறுப்புலவர் அரபு நாட்டு வருணனையிலே தமிழ்த் திணைகளைத் தாராளமாகப் பெய்தார். ஆயின் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, மார்க்க அறிஞரிடம் செய்தி பெற்ற பின்னரே அவர் பாடலானார் என்பது வழிவழி வரும் கூற்று. நபிமொழி மரபிலே 'இஸ்னாத்' எனப்படும் அறிவிப்பாளர் தொடர் இன்றியமையாதது. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்ற வரிசை அறுபடுமாயின் செய்தியின் வலுக் குன்றும். சாத்தனாரை வெள்ளியம்பலத்திலே கிடத்திய பதிகத்தின் உணர்வும் ஏறத்தாழ இதுவே. ஆயின் அங்கே சாட்சியும் கதையின் பகுதியாய் நிற்க, இங்கே சாட்சியே சோதனைக்கு உள்ளாகின்றான்.

மற்றோர் எடுத்துக்காட்டு காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் கூறும் யாழ் அடிகள் காலத்தில் வழக்கொழிந்து கிடந்தது. அவ்விடைவெளியை அவர் கதையால் நிரப்பவில்லை. உரைக்குறிப்புகளை எடுத்து வைத்தார். சுருதிகளின் அளவைகளைக் கணக்கிட்டார். தமது முடிவுகளை எவரும் சோதிக்கத்தக்க முறையில் 1947இல் 'யாழ்நூல்' என வெளியிட்டார். அம்முடிவுகளோடு இசைவாணர் உடன்படலாம், மாறுபடலாம். மாறுபடுவதற்கு வேண்டிய கருவிகளையும் அந்நூலே தருகின்றது.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. மக்கள் தம் கதைகளின் ஓட்டைகளை நிரப்பட்டும்; அது அவர்களது படைப்புரிமை. அதனை இகழ்வது கற்றோர் செருக்காகும். ஆனால் நிரப்பியதை ஆய்வாளன் கையாளும்போது, அது எந்தக் காலத்தில், யாருடைய வாயில், எந்தத் தேவையிற் பிறந்தது என்ற தொடரை உடன்வைத்தே கையாளுதல் வேண்டும். கண்ணகி வழக்குரை கோயிலுக்குக் கோயில் எவ்வாறு வேறுபட்டுப் பாடப்படுகின்றது என்பது பதிவு செய்யப்படல் வேண்டும். முஸ்லிம் ஊர்களில் வழங்கும் குடித் தோற்றக் கதைகள், கூறுவோரின் தலைமுறைத் தொடரோடு தொகுக்கப்படல் வேண்டும். சிங்களப் பத்தினிப் பாடல்களோடு இவற்றை ஒப்புநோக்க மும்மொழி அறிந்த மாணவர் முன்வருதல் வேண்டும். முதியோர் நினைவிலிருந்து இக்கதைகள் மறையுமுன் இப்பணி தொடங்கப்படுமாயின், அடுத்த தலைமுறை தன் அயலவனைப் பற்றிக் கேட்கும் வினாக்களுக்கு ஐதிகத்தை ஐதிகமாகவும் வரலாற்றை வரலாறாகவும் எடுத்துக் கொடுக்க நம்மால் இயலும்.